விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பொருளுதவி: ஊவாவினின்று ஒரு நோக்கு

ஒரு நாட்டரசு விஞ்ஞான ஆராய்ச்சிக்கு எவ்வளவு பொருள் ஈகின்றது என்பதை வரவுசெலவுத் திட்டத்தின் ஏடுகளைப் புரட்டி அறிதல் எளிது. அப்பொருள் எவ்வினாக்களுக்கு விடை காணச் செலவிடப்பட்டது, அவ்வினாக்களைத் தொடுத்தவர் யாவர், கண்ட விடை யார் கையை அடைந்தது என்பனவற்றை அறிதல் அத்துணை எளிதன்று. கொழும்பிலோ பேராதனையிலோ இருந்து நோக்குவார்க்கு முதற் கணக்கே பெரிதாகத் தோன்றும். பதுளையிலிருந்து நோக்குவார்க்கு இரண்டாவது கணக்குக் கண்முன்னே நிற்கும். பெருந்தோட்டப் பயிருக்கு விஞ்ஞானம் இன்றியமையாதது என்பதை இந்நாட்டுக்கு உணர்த்திய பேரிடர் முதலில் தலைகாட்டியது ஊவா மாகாணத்து மலையொன்றிலேயே ஆதலின், ஆராய்ச்சிப் பொருளுதவியின் வரலாற்றை இம்மாகாணத்திலிருந்து தொடங்கி மதிப்பிடுதல் பொருத்தமுடையதேயாகும்.

1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிற் சில கோப்பிச் செடிகளின் இலையடியில் செம்மஞ்சள் நிறப் பொடிப்புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசுகளை ஆராய்வதில் வல்லுநரான பேர்க்லி அவ்வாண்டே அதனைப் புதியதோர் இனமெனக் கண்டு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதி பாழாக்குவது எனப் பொருள்படும். பெயரிட்டவர் அச்சத்தோடு பெயரிட்டார், செடிக்குரியோர் அஞ்சவில்லை. 1870களிற் கோப்பியின் விலை உயர்ந்துகொண்டே சென்றமையால் விளைச்சல் குறைந்ததைப் பணவரவு மறைத்தது. நோயுற்ற தோட்டத்தைத் திருத்துவதை விட்டுப் புதுக்காட்டை வெட்டிக் கோப்பி நடுவதே அக்காலத்துத் துரைமாருக்கு இலாபமாகத் தோன்றிற்று. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதி செய்த நாடு, அடுத்த இருபது ஆண்டுகளுள் அப்பயிரைக் கைவிடலாயிற்று.

இவ்விடைக்காலத்தில் அரசாங்கம் செய்தது யாது? நோய் கண்டு ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்தபின், ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளரை இரண்டாண்டுத் தவணையில் அமர்த்திற்று. அவர் 1880இற் பணி தொடங்கினார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிலே தொங்கவிட்டு, காற்றில் மிதந்து வரும் நோய்வித்துக்களைப் பிடித்துக் காட்டினார். ஈரமுள்ள இலையின் அடிப்பக்கத்து நுண்டுளைகளின் வழியே அது உட்புகுவதை விளக்கினார். இடையில் வேறு மரமின்றி மலைக்கு மலை கோப்பியே நட்டமைதான் நோய் பரவ வழிகோலிற்று என்றும் எழுதினார். அவருடைய அறிக்கைகள் தாவர நோயியல் வரலாற்றில் நிலைத்த இடம்பெற்றவை. எனினும் துரைமார் கேட்டது மருந்து. அவர் தந்தது விளக்கம். ஆதலின் அவர் ஏமாற்றத்துக்குரியவராகக் கருதப்பட்டார்.

இத்தீர்ப்பு நேர்மையற்றது. தீயணைக்க வந்தவனை வீடு எரிந்து முடிந்தபின் அழைத்துவிட்டு, அவன் கையில் நீர்க்குடம் இல்லையெனக் குறைகூறுவது போன்றது அது. இடர் வந்தபின் தவணைக்கு ஓர் அறிஞரை வாங்குவது ஆராய்ச்சியாகாது. இடரில்லாக் காலத்தும் ஆய்வுகூடமும் ஆளும் ஏடும் நிலைத்திருத்தலே ஆராய்ச்சியாகும். இன்னொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. கோப்பிக் காலத்தில் ஆண்டுதோறும் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து, பருவம் முடியத் திரும்பிய தொழிலாளரின் பிழைப்பும் அவ்விலைகளோடு உதிர்ந்தது. வார்டுக்கு இடப்பட்ட பணியில் அதற்கு இடமில்லை. பயிரை ஆராயப் பணம் தந்தவர் எவரோ அவர் வினாவே ஆராயப்பட்டது. இவ்விதி பின்வந்த நிறுவனங்களிலும் எவ்வாறு தொடர்ந்தது என்பதே இக்கட்டுரையின் நடுப்பொருள்.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. பேராதனையைச் சார்ந்திருந்த ஆராய்ச்சி போதாதென்பதைத் தேயிலைத் தோட்ட உரிமையாளர் காலப்போக்கில் உணர்ந்தனர். அசாமிலே தொக்லாயில் 1911ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சி நிலையம் அமைந்துவிட்டது. இலங்கையில் 1925ஆம் ஆண்டுத் தேயிலை ஆராய்ச்சிக் கட்டளைச் சட்டத்தினால் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. முதலில் நுவரெலியாவில் இயங்கி, பின் தலவாக்கலையிலே சென் கூம்ஸ் தோட்டம் வாங்கப்பட்டு அங்கு நிலைகொண்டது. பெச் என்னும் பங்கசியல் அறிஞர் அதன் முதற் பணிப்பாளர். அதன் பொருள்வருவாய்க்கு வகுக்கப்பட்ட முறைதான் கவனத்துக்குரியது. ஏற்றுமதியாகும் ஒவ்வோர் இறாத்தல் தேயிலைக்கும் ஒரு சிறு தீர்வை விதிக்கப்பட்டது. செஸ் எனப் பெயர்பெற்ற அத்தீர்வை ஆராய்ச்சிக்கே உரித்தாக்கப்பட்டது.

இம்முறையின் நுட்பம் யாதெனில், ஒரு தோட்டம் தன் செலவிற் கண்ட மருந்து அயல்தோட்டத்துக்கும் செலவின்றிக் கிட்டும். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் செலவிடட்டும் எனக் காத்திருப்பர். ஈற்றில் எவரும் செலவிடார். சட்டத்தின் வழி எல்லாரிடமும் அளவாகப் பெறுதல் அக்காத்திருப்பை ஒழிக்கின்றது. பிரித்தானியாவிலே 1916இல் அமைந்த விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சித் திணைக்களம் வேறு வழியை நாடிற்று. தொழிலதிபர் சங்கமாகச் சேர்ந்து ஒரு பவுண் இட்டால் அரசாங்கம் ஒரு பவுண் இடும் என்னும் வகையில், பத்து இலட்சம் பவுண் நிதியொன்றை அது வைத்துக்கொண்டு ஆராய்ச்சிச் சங்கங்களை வளர்த்தது. அம்முறையில் விருப்பமில்லாதவன் ஒதுங்கி நின்று பயனை மட்டும் பெறலாம். இலங்கைத் தேயிலைத் தீர்வை அக்குறையில்லாதது.

அதன் பயனைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டே போதும். கொழுந்திலைகளை நூலாற் பிணைத்துச் சுருட்டி அதனுள் இருந்து தின்னும் புழுவொன்று 1930களிலே தோட்டங்களைப் பெரிதும் வருத்திற்று. முட்டைக் குவியல்களைக் கையாற் பொறுக்கி அழிப்பது ஒரு பரிகாரமாயிருந்தது; அவ்வேலையும் தொழிலாளர் தலையிலேயே விழுந்தது. ஆராய்ச்சி நிலையத்தார் ஜாவாவிலிருந்து மக்ரோசென்றஸ் என்னும் ஒரு சிறு குளவியினத்தை 1935, 1936ஆம் ஆண்டுகளிற் கொணர்ந்து, பெருக்கி, மலைதோறும் விட்டனர். அக்குளவி புழுவின் உடலினுள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உண்டு வளரும். சில ஆண்டுகளுள் புழுவின் கொடுமை தணிந்தது. மருந்துத் தெளிப்பு இல்லை, ஆண்டுச் செலவில்லை, குளவி தன் வேலையைத் தானே செய்தது. உயிரினத்தைக் கொண்டு உயிரினத்தை அடக்கும் முறைக்கு உலகநூல்கள் எடுத்துக்காட்டும் வெற்றிகளுள் இதுவும் ஒன்று. அதற்குச் செலவான பணத்தையும் அதனால் விளைந்த நன்மையையும் நிறுத்துப் பார்த்தால், ஆராய்ச்சிக்கிடும் பணம் வீண்செலவென்பார் வாய் அடைபடும்.

ஆயினும் அதே வரலாற்றின் பின்பகுதியையும் கூறாது விடுதல் திறனாய்வுக்கு அழகன்று. தேயிலைத் தண்டைத் துளைத்து உள்ளே பங்கசை வளர்த்து வாழும் சிறுவண்டு நடுவுயரத் தோட்டங்களின் பழம்பகை. ஊவாவிலே பசறை, தெமோதரை போன்ற உயரங்களிலுள்ள மலைகள் அதனை நன்கறிந்தவை. கவ்வாத்துக்குப்பின் எழும் கிளைகள் துளைபட்டு ஒடிவதைக் கொழுந்தெடுப்போர் நாள்தோறும் காண்பர். 1950களின் பிற்பகுதியில் அதனை ஒழிக்க டியல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது, ஆனால் ஜாவாக் குளவியும் மாண்டது. காவலன் மறைந்ததும் அடங்கியிருந்த சுருட்டுப்புழு மீண்டும் பெருகிற்று. ஒரு கையாற் கட்டியதை மறுகையால் இடித்த கதை. எனினும் இப்பிழையை ஆராய்ந்து கண்டுபிடித்து எழுதி வைத்தவரும் தேயிலையை ஆராய்ந்த விஞ்ஞானிகளே; அந்நஞ்சு பின்னர் கைவிடப்பட்டது. தன் தவற்றைத் தானே அளந்து அச்சிடும் நிறுவனத்துக்கு இடும் பணம் இரட்டிப்புப் பயனுடையது. நஞ்சை விற்ற வணிகரிடம் அவ்வாராய்ச்சி விடப்பட்டிருப்பின், புழுவுக்கு இன்னொரு நஞ்சு வந்திருக்கும். குளவியின் பெயரை எவரும் நினைத்திரார்.

1946இற் கொப்புள நோய் இந்நாட்டுக்கு வந்தபோது, 1869ஆம் ஆண்டின் கதை மீண்டும் நிகழாமைக்குக் காரணம் இந்நிலையம் அப்போது இருந்தமையே. செப்புச் சேர்ந்த மருந்தும், தெளிக்கும் காலமும், கவ்வாத்துச் செய்யும் பருவமும் விரைவில் வகுக்கப்பட்டன. விதையிலன்றித் தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கும் தேயிலை இனங்கள் அடுத்துப் பரவின. அவற்றுள் 2025 என்னும் எண்ணுடையது இலங்கைத் தோட்டங்களிற் பலராலும் அறியப்பட்டது. நூறாண்டு கடந்த விதைத் தேயிலை இன்னும் பல மலைகளில் நிற்கின்றது என்பது உண்மை. அது ஆராய்ச்சியின் குறையன்று, மறுநடுகைக்குப் பணமிட மனமில்லாதார் குறை.

இவ்வளவு புகழுக்குரிய முறையின் குறைதான் யாது? தீர்வை கொடுத்தவனே வினாவையும் கொடுத்தான். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சபையிலே தோட்டத்துரைமார் சங்கத்தார் இருந்தனர். தோட்ட உரிமையாளர் சங்கத்தார் இருந்தனர். அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். தொழிலாளர்க்கென ஓர் ஆசனம் இல்லை. தீர்வையைச் செலுத்தியவர் ஏற்றுமதியாளர் என்று ஏடு கூறும். ஆனால் ஏற்றுமதிப் பொருளின் மீது விழும் தீர்வை அப்பொருளை விளைவித்த கை வரைக்கும் இறங்கி வரும் என்பது பொருளியல் கற்றார் அறிந்ததே. தேயிலையின் செலவுக் கணக்கில் மிகப் பெரிய பகுதி கூலி. செலவைக் குறைக்க வேண்டுமென்ற நெருக்கம் வரும்போதெல்லாம் முதலில் இறுக்கப்படுவதும் கூலியே. ஆகவே நமுனுகுலைச் சரிவிற் கூடை சுமந்தவளும் ஆராய்ச்சிக்குச் சதம் கொடுத்தவளே. ஒரு புதரிலிருந்து எத்தனை கொழுந்து கிடைக்கும் என்பது ஆராயப்பட்டது. நிறைந்த கூடையின் பாரம் நெற்றியிலும் முதுகிலும் இருபது ஆண்டுகளில் என்ன செய்யும் என்பது அத்துணை ஊக்கத்தோடு ஆராயப்படவில்லை. மருந்து இலையில் எத்தனை நாள் நிற்கும் என்பது அளக்கப்பட்டது. அதனைத் தெளித்தவன் மூச்சில் எத்துணை நிற்கும் என்பது பின்தள்ளப்பட்டது.

தேயிலையை ஆராயவென ஏற்பட்ட நிலையம் மனிதனை ஆராய்வது எங்ஙனம் என்று வினவுவாருளர். அவ்வினா நியாயமானதே. பயிரியல் அறிஞர் வைத்தியராக முடியாது. ஆனால் கொழுந்து பறிக்கும் முறை தேயிலை ஆராய்ச்சிக்கு உட்பட்டதே. கத்தரி கொண்டு பறித்தால் முற்றிய இலை கலந்து தரம் கெடுமா என்று ஆராய்ந்தவர்கள், அக்கத்தரியின் கனம் பெண்ணின் கைக்கு ஏற்றதா என்றும் ஒருசேர ஆராயலாம். ஒரே மலை, ஒரே நாள், ஒரே கத்தரி. இரண்டாம் வினாவுக்கு வேண்டியது புதிய ஆய்வுகூடமன்று; அதனைக் கேட்க உரிமையுள்ள ஒருவர்.

தீர்வையின் வழி இவ்வாறாக, திறைசேரியின் வழியை அடுத்து நோக்கலாம். உலக வங்கியின் தூதுக்குழு 1952ஆம் ஆண்டறிக்கையிலே கைத்தொழிலுக்குத் துணைநிற்க ஓர் ஆராய்ச்சி நிலையம் வேண்டுமென்று பரிந்துரைத்தது. அதன் வழி 1955இல் இலங்கை விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் கொழும்பில் எழுந்தது. 1968இல் தேசிய விஞ்ஞானப் பேரவை. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் இயற்கை வளங்கள், சக்தி, விஞ்ஞான அதிகாரசபை. 1998இல் தேசிய விஞ்ஞான மன்றம். அவ்வாண்டே முற்கூறிய ஆராய்ச்சி நிலையமும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் என மாறிற்று. 2019ஆம் ஆண்டுச் சட்டமொன்று புத்தாக்கத்துக்கெனத் தனி முகவர் நிலையமும் வகுத்தது. பெயர்ப்பலகை எழுதுவோர்க்கு மட்டும் இந்நாட்டு விஞ்ஞானம் ஒருபோதும் தொழில் குறைவு வைக்கவில்லை.

பெயர் மாறினும் முறை பெரிதும் மாறவில்லை. பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் தாம் ஆராய விரும்பும் பொருளைத் திட்டமாக எழுதுகின்றார். அத்துறையறிந்த வேறு அறிஞர்கள் அதனை மதிப்பிடுகின்றனர். குழு தேர்ந்தெடுக்க, கருவிக்கும் இரசாயனப் பொருளுக்கும் ஆராய்ச்சி மாணவரின் உதவிப்பணத்துக்கும் நிதி அளிக்கப்படுகின்றது. முன்னேற்ற அறிக்கை கண்டு அடுத்த தவணை விடப்படுகின்றது. 1945இல் அமெரிக்காவின் வன்னிவர் புஷ் எழுதிய அறிக்கையும், 1950இல் அங்கு எழுந்த தேசிய விஞ்ஞான நிறுவனமும் உலகெங்கும் பரப்பிய வழி இது. விஞ்ஞானியின் வினாவை விஞ்ஞானியே தேரட்டும், தகுதியை அவன் ஒத்தாரே அளக்கட்டும் என்பது அதன் கொள்கை. அமைச்சரின் தயவாலன்றி ஆய்வின் தகுதியாற் பணம் கிடைக்க வேண்டும் என்னும் அளவில் இதனினும் மேலான முறை இன்னும் காணப்படவில்லை. இதனைப் பழிப்பார், இதற்கு மாறாக நிற்பது யாதென எண்ணுதல் வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கின்றது. திட்டம் எழுத வல்லார்க்கே திட்டம் கிட்டும். தேயிலைத் தொழிற்சாலையிலே கொழுந்தை அரைக்கும் ரோதையின் ஓசையை வைத்தே பழுதறியும் தொழிலாளி, தேய்ந்துபோன உறுப்புக்கு மாற்றாகத் தன் அறிவினால் ஒன்றை வார்த்துப் பொருத்துகின்றான். அந்த ரோதைக்கு ரோதமுனி என்று தெய்வப்பெயர் வைத்துப் பூசையிட்ட சமூகம், இயந்திரத்தை எவ்வளவு நெருங்கி அறிந்திருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழு 1979ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அமைக்கப்பட்டது. ஆயினும் கொழும்புக்கு விண்ணப்பம் எழுதித் தன் உறுப்பைத் தானே கண்டதென நிறுவும் வசதி தோட்டத்துத் தொழிலாளிக்கு எளிதிற் கிட்டுவதன்று. அவன் கண்ட புதுமை தொழிற்சாலையின் பழுதுபார்ப்புச் செலவிலே கரைந்துபோகும்.

பணத்தின் அளவைப் பற்றியும் ஒரு சொல். இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது அண்மைக் காலத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. தென்கொரியா நூற்றில் நான்கு பங்குக்கு மேற் செலவிடுகின்றது. இவ்வேற்றுமையைச் சுட்டிப் பெருமூச்சு விடுதல் கருத்தரங்குகளின் வழக்கம். ஆனால் பணத்தை நாளை பத்துமடங்காக்கினும் அதனைப் பெற்று ஆராயும் இளைஞர் எங்கிருந்து வருவர் என்ற வினா எழும். தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசாங்கத்தால் கையேற்கப்பட்டன. அதுவரை பெரும்பாலானவை தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமாக இருந்தவை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் ஊவாவில் இன்றும் போதிய அளவில் இல்லை. இரசாயனமும் பௌதிகமும் கற்பிக்க ஆசிரியர் கிடையாமையால் விஞ்ஞானத்தை விட்டுக் கலைப்பிரிவுக்குச் செல்லும் மாணவரைப் பதுளையிலும் பண்டாரவளையிலும் ஆசிரியர்கள் நன்கறிவர். அவர்கள் கலையை விரும்பிச் சென்றிருப்பின் மகிழலாம். வேறு வழியின்றிச் சென்றனர். ஆராய்ச்சி நிதியின் முதற் தவணை பாடசாலையின் ஆய்வுகூடத்திலே செலவிடப்பட வேண்டியது என்பதை எந்த விஞ்ஞான மன்றமும் தன் கடனாகக் கொள்வதில்லை. அது கல்வியமைச்சின் கடன் என்று ஒதுக்கிவிடும்.

ஆராய்ச்சிக்குப் பணமும் இருந்து, ஆய்வும் செம்மையாக நடந்து, விடையும் சரியாகக் கிடைத்து, அதன் பின்னும் தவறிய நிகழ்ச்சியொன்று ஊவாவுக்கு உண்டு. 1980களின் பெருமழைகளில் மலைநாட்டிலே மண்சரிவுகள் பல நிகழ்ந்தன. 1984இல் அமைந்த தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையோடு 1990இல் மண்சரிவு அபாய வரைபடம் வரையும் பணியைத் தொடங்கிற்று. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை பதுளை, நுவரெலியா ஆகிய இரு மாவட்டங்களே. பாறையின் சாய்வு, மேல்மண்ணின் ஆழம், நீரோட்டம், சரிவின் கோணம், நிலத்தின் பயன்பாடு ஆகியவற்றை அளந்து மலைகளைத் தரம்பிரித்தனர். உள்நாட்டு அறிஞர் தம் நாட்டு மலையைத் தம் காலால் நடந்து அளந்த ஆராய்ச்சி இது. பொருளுதவி எவ்வாறு செய்யப்பட வேண்டும் என்பதற்கு இதனை முன்மாதிரியாகவே காட்டலாம்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிற் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகளிற் சிலர் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. அவ்விடம் அபாயமுடையது, அங்குள்ளோரை அகற்ற வேண்டும் என்று அந்நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே விஞ்ஞானம் தவறவில்லை. எச்சரிக்கை தோட்ட நிர்வாகத்துக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் இடையிலே தங்கிற்று. லயத்தில் வாழ்வோர்க்கு அந்நிலம் உரித்தன்று. அடுத்த மலையிலும் அவர்க்கு ஓர் அடி உரித்தன்று. எழுந்து போங்கள் என்பது அறிக்கை; எங்கே போவது என்பது அவர்கள் வினா. இரண்டாவது வினாவுக்கு விடைகாண எந்த நிதியிலும் பணம் ஒதுக்கப்படவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையிற் பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்தபோது, பதினோராண்டுக்கு முந்திய அதே வினா விடையின்றி எதிர்நின்றது.

அரசாங்கம் தான் ஊட்டி வளர்த்த விஞ்ஞானத்தைத் தானே கேளாது விடுவதும் இந்நாட்டில் அரிதன்று. 2015இற் கிளைபோசேட் என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. தடைக்குச் சார்பாகக் கூறத்தக்கன சில இருக்கலாம். ஆனால் மாற்றுவழி ஆராய்ந்து வைக்கப்படாமல் தடை வந்தது. களை வளர்ந்த மலைகளில் வேறு களைகொல்லிகள் புகுந்தன. அவற்றுள் ஒன்றன் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பானியர் 2018இற் குறைகூறினர். அவ்வாண்டே தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. அதனினும் கொடியது 2021இல் நிகழ்ந்தது. இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே அறிவிப்பில் நிறுத்தப்பட்டது. விவசாய அறிஞர்கள் விளைவைக் கணக்கிட்டு முன்கூட்டியே எடுத்துரைத்தனர். செவி சாய்ப்பார் இலர். அவ்வாண்டின் இறுதிக்குள் தடை நீக்கப்பட்டபோதிலும், 2021இல் ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல் 2022இல் ஏறத்தாழ 25 கோடியாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்த மலையிற் பேர் போடுவதற்குரிய நிறை எடுக்க இயலாமல் அரைப்பேருடன் திரும்பியோர் இழப்பை அப்புள்ளிவிவரம் காட்டாது. நூறாண்டுத் தீர்வையிற் சேர்ந்த அறிவு ஒரு பருவத்து ஆணையினால் ஒதுக்கப்பட்டது.

திருத்தத்துக்கு வழி அரிதன்று. தீர்வைப் பணத்தில் ஒரு சிறு பங்கு தோட்டத் தொழிலாளரும் சிறுதோட்டக்காரரும் தொடுக்கும் வினாக்களுக்கென ஒதுக்கப்படலாம். இன்று இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ முக்காற்பங்கு சிறுதோட்டங்களிலிருந்தே வருகின்றது என்பதை நோக்கின், துரைமார் சபையாக 1925இல் எண்ணப்பட்ட அமைப்பு எவ்வளவு பழையது என்பது விளங்கும். வினாவைத் தமிழிலும் சிங்களத்திலும் வாய்மொழியாகவே ஏற்று, அதனைத் திட்டமாக எழுதித் தரும் வேலையை நிறுவனமே மேற்கொள்ளலாம். ஆராய்ச்சியின் முடிவு ஆங்கிலச் சஞ்சிகையில் வெளிவந்ததோடு கடன் தீர்ந்ததெனக் கொள்ளாது, அது பிரட்டுக்களத்தில் உரக்க வாசிக்கப்பட்ட நாளைக்கொண்டே கடைசித் தவணைப் பணத்தை விடலாம். இதனைக் கேட்டு நகைப்பாரும் உளர். அச்சிட்ட கட்டுரையின் பிரதியைக் கேட்கும் நிதிநிறுவனம், மலைக்குச் சென்ற செய்தியின் சான்றைக் கேட்பதில் நகைப்புக்கு இடமென்ன?

ஊவாவின் தேயிலைக்கு ஆடி, ஆவணி மாதங்களிற் கச்சான் காற்று உலர்ந்து வீசும்போது ஒரு தனிமணம் அமைகின்றது. மெதைல் சலிசிலேற் என்னும் பொருளே அம்மணத்துக்குப் பெருங்காரணம் என்பது இரசாயன ஆராய்ச்சியால் தெளிந்தது. அம்மணத்துக்காக ஏலத்திலே கூடுதல் விலை கொடுப்போர் உள்ளனர். பசறையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாக் கிளை இருக்கின்றது. அப்பசறைக்குச் செல்லும் வீதியிற் பதுளை நகரையடுத்து 2005இல் எழுந்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கின்றது. அவ்வீதியே பசறையைக் கடந்து மடுல்சீமைக்கு ஏறுகின்றது. காலையில் அவ்வழியே பதுளைக்கு இறங்கும் பேருந்திலே தோட்டத்துப் பிள்ளைகள் நெருக்கி நின்று பாடசாலைக்கு வருகின்றனர். பல்கலைக்கழக வாயிலைப் பேருந்து நாள்தோறும் கடக்கின்றது.